காதுக்குப் பின்னால் உள்ள தழும்பு

அன்புள்ள சண்முகம்,

முதலில் இந்த ஒரு வரியைப் படித்துவிடு, மற்றதை நிதானமாகப் படிக்கலாம். எனக்கு எந்த நோயும் இல்லை. கட்டி இல்லை, கழலை இல்லை, என் கழுத்திலிருந்து யாரும் எதையும் வெட்டி எடுக்கவில்லை. நீ ட்ரங்க் காலில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். "சச் சச் சொல்லும்மா, உண்மையச் சொல்லு, கேன்சரா? என்கிட்ட மறைக்காத" என்று நீ கேட்ட குரல் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல உன் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அழுதுவிட்டாய். நான் பேசியது நம் தெரு கௌர் ஆன்ட்டி வீட்டு போனில் என்பது அப்போது உனக்கு ஞாபகம் இருந்திருக்காது. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், அவருடைய மருமகளும் கூடவே. தமிழ் தெரியாதவர்கள்தான், ஆனால் நான் "கேன்சர் எல்லாம் இல்லடா" என்றதுமே இரண்டு பேர் கையும் நின்றுவிட்டது. அவர்கள் முன்னால் விளக்கமாகப் பேச முடியாமல்தான் கடிதம் போடுகிறேன் என்று வைத்துவிட்டேன். உன்னை இத்தனை நாள் பயத்தோடு காக்க வைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

நீங்கள் இருவரும் வந்திருந்தபோது ஜெயந்தி என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மருமகள் ஆசையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் காது மடலுக்குப் பின்னால் வந்ததும் அவள் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தேய்த்தாள், ஆனால் அழுத்தம் குறைந்துவிட்டது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், நீயும் காதோரத் தழும்பு என்றதும் கழுத்துக் கட்டி என்று முடிவு கட்டிவிட்டாய். அவள்மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. கண்டதைக் கணவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்?

விஷயம் இதுதான். அது, தொங்கிப்போன கன்னத்தையும் தாடையோரத்தையும் தூக்கிக் கட்டுவதற்காக நானே விரும்பிச் செய்துகொண்ட ஆபரேஷனின் தழும்பு. உனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய குளிர்காலத்தில் செய்துகொண்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். கோபம் வந்தால், முழுவதும் படித்த பிறகு கோபித்துக்கொள்.

உனக்கு நினைவிருக்கும், நீ காலேஜில் சேர்ந்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு உடம்பு இளைத்தது. கன்னம் மட்டும் இளைக்காமல் கீழே இறங்கியது. வாயின் இரண்டு ஓரத்திலும் ஆழமாகக் கோடு விழுந்து, தாடை விளிம்பில் சின்னச் சின்னப் பைகளாகச் சதை தொங்க ஆரம்பித்தது. நான் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் தொங்கத்தானே செய்யும். ஒரு நாள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணிக்கடை ஒன்றில் நுழையும்போது, எதிரே ஒரு அம்மாள் கடுகடுவென்று வருகிறாள். யாருடனோ சண்டை போட்டுவிட்டு வருகிறாள்போல என்று நினைத்து, வழிவிட்டு ஒதுங்கினேன். அவளும் ஒதுங்கினாள். கண்ணாடி. என் அப்பா புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றதுபோல இருந்தது. உன் பாளையங்கோட்டைத் தாத்தாவை நீ பார்த்ததில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அந்தத் தொங்கிய முகத்தைப் பார்த்து நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அவர் எந்நேரமும் கோபமாக இருப்பதாகவே நினைத்து வளர்ந்தோம். அவர் இறந்த பிறகுதான், அவர் அவ்வளவு கோபக்காரர் இல்லையோ என்று எனக்குத் தோன்றியது.

பிறகு ஆபீஸ். விசாரணை கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எந்த அறை, எந்த மாடி என்று வழி சொல்வது எனக்கு எவ்வளவு பிடித்த வேலை என்று உனக்குத் தெரியும். நம் ஊர்ப்பக்கத்திலிருந்து தில்லிக்கு இந்தி தெரியாமல் பென்ஷன் விஷயமாக வருகிற பெரியவர்கள் என் குரலில் தமிழைக் கேட்டதும் விடுகிற மூச்சுக்காகவே நான் தினமும் நேரத்துக்குப் போவேன். ஒரு நாள் எங்கள் அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டு, கொஞ்ச நாள் ரிக்கார்டு ரூமில் இருங்கள் என்றார். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். தப்பு ஒன்றும் இல்லை, கவுண்டரில் இருக்கும் மேடம் முகத்தைச் சுளிக்கிறார் என்று இரண்டு மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். நல்ல மனிதர், சொல்லும்போது என்னைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் முகத்தைச் சுளிக்கவே இல்லை, சண்முகம். சும்மா இருந்தேன். சும்மா இருக்கும் என் முகம் அப்படி ஆகிவிட்டிருந்தது.

இதெல்லாம்கூட என்னைக் கத்தி வரைக்கும் கொண்டு போயிருக்காது. நீ பூனாவுக்கு வேலைக்குக் கிளம்பிய நாள்தான் கொண்டு போனது. ஸ்டேஷனில் ஜன்னல் ஓரம் நின்று, அழக்கூடாது, பிள்ளையைச் சிரித்த முகமாக அனுப்ப வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் மனதுக்குள் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி நகர்ந்ததும் நீ கையை நீட்டி என் கையைத் தொட்டு, "கோவப்படாதம்மா, லெட்டர் போடுறேன்" என்றாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ பார்த்ததைத்தான் சொன்னாய். ஆனால் உள்ளே இருப்பது ஒன்று, வெளியே தெரிவது வேறொன்று என்றால், மனுஷிக்கு மூச்சு முட்டும். பெற்ற பிள்ளைக்கே தெரியாதபோது ரொம்பவே முட்டும்.

ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. கௌர் ஆன்ட்டி சொல்லி ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். கன்னத்தில் ஏதோ பசையைத் தடவி, இரண்டு உலோகத் தட்டுகளை வைத்து மெல்ல கரண்ட் விடுவார்கள். வெட்டி வெட்டி இழுக்கும், எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அந்த நேரத்துக்கு முகம் இறுகினாற்போலத் தெரியும். பஸ் பிடித்து ஆர்.கே.புரம் வந்து இறங்குவதற்குள் பழையபடி ஆகிவிடும். பிறகு ஆன்ட்டியின் நாத்தனார் ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னார். ஊசி போடுவாராம். கத்தி கிடையாது, தையல் கிடையாது, அரை மணி நேரத்தில் கன்னம் உப்பிவிடும், தொங்கலும் தெரியாது. குளுகுளு அறை, வழவழவென்று பேச்சு. ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிலிகான், வெளிநாட்டில் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள் என்றார். பிறகு அதை எடுக்க வேண்டும் என்றால் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஏன் எடுக்க வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் வலி இல்லை, யாருக்கும் தெரியாது என்ற ஆசையில் அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் வந்தேன்.

அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? நான் தெனமும் பாக்குத மூஞ்சிதானே. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலியே" என்றார். "பாத்தாத்தானே தெரியும்" என்றேன். சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, ஊசியோ கத்தியோ, முகத்தில் கை வைக்கிற விஷயம், அந்த ஆள் பேச்சை மட்டும் கேட்டு ஒத்துக்கொள்ளாதே, இன்னொரு டாக்டரையும் கேட்போம் என்றார். அவருடைய ஆபீஸில் ஒருவரின் மகளுக்கு ஸ்டவ் வெடித்துத் தீக்காயம் பட்டபோது பார்த்த டாக்டர் ஒருவரை விசாரித்துக்கொண்டு வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குண்டடி பட்ட முகங்களைத் தைத்துத் தைத்தே கை பழகியவர், இப்போது ஊரின் அந்தப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் உட்காருகிறார்.

அங்கே போய் உட்கார்ந்தபோது எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பெஞ்சு முழுக்கத் தீக்காயம் பட்ட பெண்கள். என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்துத் தோல் சுருங்கி, முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது. தலையை நிமிர்த்த முடியாமல் கண்ணை மட்டும் மேலே தூக்கி என்னைப் பார்த்து, உங்களுக்கு என்ன ஆன்ட்டி என்று இந்தியில் கேட்டாள். பல்வலி என்று சொல்லிவிட்டேன். பல்லுக்கு வேறு டாக்டர் ஆயிற்றே என்றாள் வெகுளியாக. பொய் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கன்னம் தொங்கிப்போய்விட்டது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்க வந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். திட்டப்போகிறாள், அல்லது சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்து என் முகத்தை இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று கவனமாகப் பார்த்தாள். "ஹான், தோடா ஸா ஹை" என்றாள், ஆமாம், கொஞ்சம் இருக்கிறது என்று. பிறகு, "ஹோ ஜாயேகா, ஆன்ட்டி." சரியாகிவிடும். தனக்கு அடுத்த ஆபரேஷன் ஆனதும் வானத்தைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். அவளுக்கு அது வேண்டும், எனக்கு இது வேண்டும் என்பதுபோல, கடையில் பக்கத்தில் நின்று துணி எடுப்பவர்களைப் போல இயல்பாகப் பேசினாள். என் வெட்கத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை, தோலைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்றார். ஒரு கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்துத் தோலை லேசாக மேலே இழுத்துக் காட்டினார். இவ்வளவுதான், இதற்கு மேல் இழுக்க மாட்டேன், இழுத்தால் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள் என்றார். இளமை எல்லாம் வராது, நன்றாகத் தூங்கி எழுந்தவர்போல இருப்பீர்கள், அவ்வளவுதான். சில வருஷம் கழித்து மறுபடி இறங்கத்தான் செய்யும். தழும்பு காதோரமாகவும் முடிக்குள்ளும் இருக்கும். இரத்தம் கட்டலாம். வாயை அசைக்கும் நரம்பு அடிபட்டால் உதடு கோணும், பெரும்பாலும் திரும்பிவிடும், அபூர்வமாகத் திரும்பாமலும் போகலாம். எல்லாவற்றையும் அவராகவே சொன்னார். ஊசியைப் பற்றி உன் அப்பா கேட்டார். டாக்டரின் முகம் மாறியது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு கன்னத்தில் கட்டி கட்டியாகத் திரண்டு தன்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள், உள்ளே போனதை முழுசாக வெளியே எடுக்கத் தன்னால் முடிவதில்லை என்றார். அந்த ஊசிக்குக் குறித்திருந்த நாளை அங்கேயே மனதுக்குள் அடித்துவிட்டேன். கடைசியாக, இதைச் செய்துகொள்ளச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் இல்லை, நான்தான் என்றேன். உன் அப்பாவைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியவே இல்ல டாக்டர்" என்று இவர் அசட்டுத்தனமாகத் தமிழிலேயே சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். கணவர் கேட்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றார்.

குளிர் உச்சத்தில் இருக்கும்போது செய்துகொண்டேன். தில்லியில் அந்த மாதம் எல்லோரும் தலையோடு மஃப்ளர் சுற்றிக்கொண்டு கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு திரிவதால், வீங்கிய முகத்தை மறைக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை. பொங்கலுக்கு வரவேண்டாம், அப்பாவுக்கு ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் என்று உனக்கு எழுதியது அதனால்தான். மரத்துப்போகும் மருந்தும் தூக்க மருந்தும் கொடுத்திருந்தார்கள். வலி இல்லை, யாரோ ஜாக்கெட்டைப் பிடித்துத் தைப்பதுபோல இழுப்பு மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் தாடையைச் சுற்றிக் கட்டு, வாயைத் திறக்க முடியாது. உன் அப்பா சாதத்தைக் குழையக் குழைய வடித்து, ரசம் விட்டு மசித்து ஸ்பூனில் ஊட்டினார். உப்பு போட மறந்துவிடுவார். என்னால் சொல்ல முடியாது. அப்படியே விழுங்குவேன்.

கட்டு அவிழ்த்த அன்று கன்னம் சரியாகத்தான் இருந்தது. தாடைக்கோடு எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சீராக இருந்தது. ஆனால் சிரித்துப் பார்க்கச் சொன்னபோது கீழுதட்டின் இடது பக்கம் இறங்கவில்லை. வலது பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டது. டாக்டர் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, நரம்பு அறுபடவில்லை, அசந்து கிடக்கிறது, திரும்பும், பொறுத்திருங்கள் என்றார். அன்றிலிருந்து உதடு திரும்பும்வரை நான் பட்டதை எழுதி முடியாது. சிரித்த முகம் வேண்டும் என்று போய், சிரிப்பதையே தொலைத்துவிட்டேனோ என்று இருந்தது. உன் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் கோணிய வாயோடு நின்று என்னவென்று சொல்வேன்? தினமும் குளித்ததும் உன் அப்பா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்வார். 'ஈ' என்று சொல்லச் சொல்வார், உதட்டைக் குவிக்கச் சொல்வார். ஒரு நாள்கூட, நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு நாள் நானே கேட்டேன், என்னைத் திட்டினால் என்ன என்று. "உனக்கு வேணும்னு தோணுச்சு, செஞ்ச. இப்ப இது நம்ம ரெண்டு பேர் வாயி" என்றார். மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஒவ்வொரு செவ்வாயும் எனக்குத் தெரியாமல் போய் வந்திருக்கிறார். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம் இருந்ததால் கண்டுபிடித்தேன்.

குளிர் விட்டு, ஸ்வெட்டரை எல்லாம் வெயிலில் போட்டு மடித்துப் பெட்டியில் வைக்கிற நாட்களில் உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சாகி வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்து வந்தார். "தாங்கள் தங்கள் குற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். 'சு' இருக்க வேண்டிய இடத்தில் அச்சகத்தார் 'கு' போட்டுவிட்டார்கள். இவர் முழுப் பொறுப்போடு, "அப்ப நம்ம ஆபீஸ் ஆளுக எல்லாரையும் தாராளமாக் கூப்பிடலாம்" என்றார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னொரு வாட்டி சிரி."

"சொன்னா வருமா சிரிப்பு?"

"இப்ப வந்துச்சுல்லா. ரெண்டு பக்கமும் வந்துச்சு."

கண்ணாடியை எடுக்க ஓடினேன். இடது பக்கம் முழுசாக இல்லை, ஆனால் இறங்கியது. சோம்பல் முறித்து எழுகிற குழந்தையைப் போல உதடு மெதுவாக அசைந்தது. நான் அழுதேன், அவரும் அழுதார். சித்திரை பிறப்பதற்குள் முழுசாகத் திரும்பிவிட்டது.

வைகாசியில் கல்யாணத்துக்கு நீ வந்து இறங்கினாய். என்ன சொல்லப்போகிறாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா ஏம்மா இவ்ளோ எளைச்சுட்டாங்க?" என்றாய். எனக்கு வந்த சிரிப்பை நீ பயணக் களைப்பில் கவனிக்கவில்லை. கௌர் ஆன்ட்டி மட்டும், சிம்லாவுக்கோ எங்கேயோ போய் வந்தாயா, முகம் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டார். ஆபீஸில் கவுண்டரில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனபோது என்னை மறுபடி அங்கே உட்கார வைத்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். முகம் மாறியதால் ஜனங்கள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்காதே. போடுகிறார்கள். ஆனால் நான் சொன்னதற்காகச் சண்டை போடுகிறார்கள், என் முகத்துக்காக இல்லை. அந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். ஊரில் யாருக்குத் தெரிந்தாலும் தாங்கிக்கொள்வேன், நீ 'இந்த வயசில் எதுக்கும்மா' என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது என்று பயந்தேன். உன்னைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். நீ போனில் அழுதபோதுதான் அது புரிந்தது. அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன், புத்திமதியாக எடுத்துக்கொண்டாலும் சரி. ஜெயந்திக்கும் ஒரு நாள் தன் உடம்பில் ஏதாவது ஒன்று பொறுக்க முடியாமல் போகலாம். பல்லோ, முடியோ, வயிறோ. உனக்கு அது கண்ணிலேயே படாமல் இருக்கலாம். அப்போது யாருக்காக இதெல்லாம் என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லையே என்றும் சொல்லாதே. உன் அப்பா சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். வலிக்குமா, கூட வரட்டுமா என்று கேள். அவள் சரி என்றால், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்கிற ஆளிடம் மட்டும் போகவிடாதே. என்னென்ன கெட்டுப்போகலாம் என்று தானாகவே சொல்கிறவரைத் தேடிப் பிடி. வேண்டாம் என்று அவளே முடிவு செய்தால், அதுவும் நல்லதுதான், அதையும் கேட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்த பிறகு மனசு லேசாகிவிட்டது. கல்யாணத்திலிருந்து இன்றுவரை முடியைத் தாழ்வாகக் காதை மூடித்தான் பின்னிக்கொண்டிருந்தேன், கோடையிலும்கூட. வேர்த்து ஊற்றும், பொறுத்துக்கொள்வேன். இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று, முடியை எல்லாம் அள்ளித் தூக்கி உச்சியில் கொண்டை போட்டேன். உன் அப்பா இந்தத் தடவை சரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொண்டையில் ஒரு ஊசி சரியாக நிற்கவில்லை என்று சொல்லி, அதைத் தானே அழுத்திவிட்டார். பஸ் ஸ்டாப்பில் கூட்டம். யாரும் என் காதைப் பார்க்கவில்லை. கார்த்திகை மாதத்து வெயில் இதமாகப் பின்கழுத்தில் விழுந்தது. பஸ் வரும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

பயப்படாமல் தூங்கு.

உன் அம்மா